எட்டாம் வகுப்புக்குப் போகும் மகளுக்குப் போன்: நாங்கள் எடைபோட்ட நான்கு வழிகள்

மே மாதக் கடைசியில் என் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ரூல்டு நோட்டிலிருந்து கிழித்த தாள். மேலே "எனக்கு ஏன் போன் வேணும்" என்று எழுதி, அடிக்கோடு போட்டிருந்தாள். கீழே வரிசையாக ஏழு காரணங்கள். டியூஷன் விட லேட்டானால் சொல்ல வேண்டும், டிராயிங் வீடியோ பார்க்க வேண்டும் என்று எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆறாவதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. "எங்க செக்‌ஷன்ல எட்டு பேருக்குத்தான் இன்ஸ்டா இல்ல. லஞ்ச்ல எல்லாரும் பேசறது எனக்குப் புரியறதே இல்ல."

ஜூலையில் அவளுக்கு 13 வயது முடிகிறது. 2020-ல் பள்ளிகளை மூடியபோது இரண்டாம் வகுப்பு முழுவதையும் என் போனில்தான் படித்தாள். அன்றைக்கு "போனைப் பாரு, மிஸ் கூப்பிடறாங்க" என்று பிடித்து உட்காரவைத்தவள் நான். இன்றைக்கு "உனக்கெதுக்குப் போன்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க நானும் அவள் அப்பாவும் நான்கு வழிகளைப் பேசிப் பார்த்தோம். 16 வயது வரை எதுவுமே கிடையாது என்பது ஒன்று. பேசுவதற்கு மட்டும் ஒரு பட்டன் போன் என்பது இரண்டாவது. அவளுக்கென்று ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி, அதில் எங்கள் கட்டுப்பாட்டை வைப்பது மூன்றாவது. ஹாலில் வீட்டுக்கே பொதுவாக ஒரு போன் என்பது நான்காவது. இதே கேள்வி பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். அதனால் நாங்கள் யோசித்ததை யோசித்தபடியே எழுதுகிறேன்.

பயம் எவ்வளவு நியாயம்?

சமூக வலைதளம் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரே குரல் இல்லை. ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-ல் லட்சக்கணக்கான பதின்ம வயதினரின் தரவுகளை அலசினார்கள். அவர்களுடைய மனநலனில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2023-ல் வெளியிட்ட எச்சரிக்கை வேறு விதமாக இருந்தது. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக வலைதளத்தில் இருக்கும் பதின்ம வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் அபாயம் இரு மடங்கு என்றது அது.

முதல் எண்ணைப் பார்த்தால் நிம்மதி வரும், இரண்டாவதைப் பார்த்தால் பயம் வரும். எனக்கு வழி காட்டியது மூன்றாவது ஓர் ஆய்வு. ஓர்பென் குழுவினரே 2022-ல் பிரிட்டனின் தரவுகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சமூக வலைதளப் பயன்பாடு கூடினால் அடுத்த ஆண்டு வாழ்க்கையில் திருப்தி குறைகிறது என்ற தொடர்பு எல்லா வயதிலும் ஒன்றுபோல இல்லை. பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வரை, ஆண் பிள்ளைகளுக்கு 14, 15, பிறகு இரு பாலாருக்கும் 19 வயதையொட்டி என்று குறிப்பிட்ட வயதுகளில் அது தூக்கலாகத் தெரிந்தது. இன்னொன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. திருப்தி குறைந்த பிள்ளை அடுத்த ஆண்டு போனில் இன்னும் கூடுதலாகக் கிடக்கிறது. போனால் மனம் வாடுகிறதா, வாடிய மனம் போனைத் தேடுகிறதா என்றால், இரண்டும் நடக்கிறது.

சராசரி என்பது லட்சம் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்வது. என் வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை. அவளும் சரியாக அந்த 11-13க்குள் நிற்கிறாள்.

என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் என் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம். அண்ணன் மகளுக்கு வயது 14. தாத்தா என்றால் உயிர் அவளுக்கு. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் நின்று தரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். வெறும் சிமெண்டுத் தரை. எடுத்து நாலு பேருக்கு அனுப்பினாள். "ஸ்ட்ரீக் போயிடும் அத்தை, 212 நாளு" என்றாள். ஸ்னாப்சாட்டில் இரண்டு பேர் நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பினால் அந்த எண் ஏறிக்கொண்டே போகும். 24 மணி நேரம் விட்டுப்போனால் சுழியத்துக்கு வந்துவிடும், முடியப்போகும்போது பக்கத்தில் ஒரு மணற்கடிகாரம் தெரியும். அவள் கண் சிவந்துதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவளால் அழக்கூட முடியவில்லை, எண்ணைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இன்னொன்று, ஃபில்டர். பள்ளி ஐடி கார்டுக்கு எடுத்த போட்டோவை என் மகள் கவிழ்த்தே மாட்டிக்கொண்டு போகிறாள். என் போனில் தோழிகளோடு எடுத்த செல்ஃபியில் தோல் வெளுத்து, மூக்கு கூர்மையாகி, கன்னம் வழுவழுவென்று இருக்கிறது. "இதுல நான் நல்லா இருக்கேன்ல?" என்று கேட்டாள். கறுப்பு என்ற சொல்லைப் பிள்ளைகள் காதில் ஓதிக்கொண்டே இருக்கும் ஊர் இது. கைக்குள் ஒரு கண்ணாடி வந்து அதையே நாள் முழுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்துக்குள்ளேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல்தோற்றக் கவலையை இன்ஸ்டாகிராம் கூட்டுகிறது என்ற அவர்களுடைய குறிப்பு 2021-ல் அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் மூலம் வெளியே வந்தது. ஏற்கெனவே அந்தக் கவலை இருக்கும் பெண்களில்தான் மூவரில் ஒருவர் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. 13 வயதில் அந்தக் கவலை துளிகூட இல்லாத பெண் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

16 வரை வேண்டவே வேண்டாம் என்றால்

இதுதான் எங்கள் முதல் எண்ணம். ஆஸ்திரேலியா இதைச் சட்டமாகவே போட்டுவிட்டது. 2025 டிசம்பர் 10 முதல் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப், ஃபேஸ்புக், எக்ஸ் போன்ற தளங்களில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்கக் கூடாது. மீறினால் அபராதம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கிடையாது, நிறுவனத்துக்குத்தான். 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகும். பாரத்தை நிறுவனத்தின் தலையில் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நம் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு தடை இல்லை. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைத் தொடப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன, நிறுவனங்களுக்கு ஒன்றரை ஆண்டு அவகாசமும் தரப்பட்டது. அதுவரை நம் பிள்ளைக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நடுவில் நிற்பது பிறந்த தேதி கேட்கும் ஒரு கட்டம்தான். அதில் 2003 என்று போட எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டத்தின் துணை இல்லாமல் ஒரு வீடு மட்டும் "கூடாது" என்றால் பிள்ளை என்ன செய்யும்? தோழியின் போனில் கணக்கு திறக்கும். எனக்குப் பெரிய பயம் அதுதான். திருட்டுத்தனமாக வைத்திருக்கும் கணக்கில் எவனாவது அசிங்கமாக மெசேஜ் அனுப்பினால் அவள் என்னிடம் வந்து சொல்ல மாட்டாள். சொன்னால் முதலில் இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று நான் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

தடைக்கு எதிராக என் மனத்தை அசைத்தது என் ஆபீஸ் தோழியின் மகள். ஒன்பதாவது படிக்கிறாள், கை, கழுத்தில் வெண்புள்ளிகள். ஆறாம் வகுப்பிலிருந்து வெயில் காலத்திலும் முழுக்கை போட்டுக்கொண்டு போனவள். இன்ஸ்டாகிராமில் வெண்புள்ளிகளோடு சாதாரணமாகச் சேலை கட்டி, சிரித்து, நடனமாடும் பெண்களைப் பார்த்திருக்கிறாள். இந்தப் பொங்கலுக்கு அரைக்கை பாவாடை சட்டை கேட்டாள் என்று தோழி சொன்னபோது அவள் குரல் தழுதழுத்தது. எங்கள் தெருவில், எங்கள் பள்ளியில் அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்க ஆள் இல்லை. உடம்பிலோ மனத்திலோ ஏதோ ஒன்றில் தான் மட்டும் தனி என்று நினைக்கும் பிள்ளைக்கு முழுத் தடை பெரிய இழப்பு. அந்த வீட்டுக்கு நான் தடையைச் சொல்லவே மாட்டேன்.

பட்டன் போன்

இதில் பேச அதிகம் இல்லை. டியூஷனுக்கும் வேனுக்கும் இது போதும், விலையும் குறைவு. ஆனால் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. டைம்டேபிள், ரெக்கார்டு நோட்டுப் படம், நாளை என்ன கலர் ரிப்பன் என்பதுவரை அங்கேதான். தனியாக இது எதையும் தீர்க்காது, வேறொரு வழியோடு சேர்ந்தால் நல்லது. அப்படித்தான் கடைசியில் வாங்கினோம்.

அவளுக்கென்று ஸ்மார்ட்போன், கட்டுப்பாடு நம் கையில்

சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சொன்ன வழி இது. கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டால் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் என்று நாமே வைக்கலாம், ராத்திரி இத்தனை மணிக்குப் பூட்டு என்று வைக்கலாம், புதிய ஆப் இறக்க நம் அனுமதி வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் 'டீன் அக்கவுண்ட்' 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பதின்ம வயதினரின் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் வராது. 16-க்குக் கீழே இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். உண்மையான வயதைக் கொடுத்தவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் 15, 16 வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், போனைப் பிடுங்குவதைவிட இன்றே உட்கார்ந்து இதைச் சரிசெய்து கொடுப்பது மேல் என்று சொல்வேன்.

12, 13 வயதுக்கு எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் உண்டு. எத்தனை நிமிஷம் என்று அந்த ஆப் எனக்குச் சொல்லும். அந்த நிமிஷங்களில் எதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகம் எப்படி மாறியது என்று சொல்லாது. கதவைச் சாத்திக்கொண்டு 40 நிமிஷம் ரீல்ஸ் பார்ப்பதும், ஹாலில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 40 நிமிஷம் கோலம் போடும் வீடியோ பார்ப்பதும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

பூட்டுக்கும் சாவிக்கும் நடுவில் ஓடும் சண்டையையும் அண்ணன் வீட்டில் பார்த்துவிட்டேன். தினம் "இன்னும் பத்து நிமிஷம்" என்ற கெஞ்சல், அதற்கு அண்ணி ஆபீஸிலிருந்து அனுமதி கொடுப்பது, கொடுக்காவிட்டால் ராத்திரி பேச்சில்லை. போலீஸ் வேலை பார்க்கிற மாதிரி இருக்கு என்று அண்ணியே சொன்னார்கள்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். 13 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. எங்கள் வீட்டில் வேன் காலை ஏழே காலுக்கு வரும், அவள் ஆறு மணிக்கு எழ வேண்டும். ஒன்பதரைக்குப் படுத்தால்தான் எட்டரை மணி நேரம் கிடைக்கும். போர்வைக்குள் போன் இருந்தால் அந்த ஒன்பதரை பதினொன்றரை ஆவதைத் தடுப்பது எனக்குச் சாத்தியம் என்று தோன்றவில்லை. மனநலம் என்று பெரிய வார்த்தை சொல்கிறோம். இரண்டு மணி நேரத் தூக்கம் போனால் எந்தப் பிள்ளையும் காலையில் எரிந்து விழும், கணக்குப் பாடத்தில் தலை சாயும், சின்னச் சொல்லுக்கு அழும். பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது.

ஹாலில் ஒரு பொதுப் போன்

என் பழைய போன் ஒன்று பீரோவில் கிடந்தது. திரையில் ஒரு கீறல், பேட்டரி சுமார். சிம் எடுத்துவிட்டோம், வீட்டு வைஃபையில் மட்டும் ஓடும். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் சார்ஜர், அதைவிட்டு நகரக் கூடாது. மாலை ஏழு முதல் எட்டு வரை அவளும் அவள் தம்பியும் பயன்படுத்தலாம். யூடியூப், டிராயிங், தோழிகளோடு வீடியோ கால் எல்லாம் உண்டு, இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் கிடையாது. வாட்ஸ்அப் குரூப் என் எண்ணில்தான், வீட்டுப்பாடத்தை நான் காட்டுகிறேன். 15 வயதில் இன்ஸ்டாகிராம் பற்றித் திரும்பப் பேசுவோம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேதி இல்லாத "அப்புறம் பார்க்கலாம்" பிள்ளைகளிடம் எடுபடாது.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, நாலு பேர் நடமாடும் இடத்தில் பார்க்கிறாள் என்பதுதான். எதையாவது பார்த்து முகம் சுருங்கினால் தெரிகிறது. "என்னடி அது?" என்று கேட்க முடிகிறது. பிடித்தால் அவளே திருப்பிக் காட்டுகிறாள்.

இதற்கு விலையும் உண்டு. வளரும் பெண்ணுக்குக் கொஞ்சம் தனிமை வேண்டும். தோழியிடம் பேசுவதைத் தம்பி காதில் வாங்குகிறான் என்று இரண்டு நாள் சண்டை. அப்போது அவனை மாடிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு ரூம் வீட்டில், இரண்டு பேரும் வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில் இது நடக்காது, ஹாலில் பெரியவர் யாராவது இருக்க வேண்டும். எங்களுக்கு என் மாமியார் இருக்கிறார்கள்.

பள்ளியிலேயே போனைத் தடுத்துவிட்டால் போதாதா என்று அவள் அப்பா கேட்டார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் 2025-ல் இங்கிலாந்தின் 30 பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பள்ளியில் போனைக் கட்டுப்படுத்திய இடங்களில் பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டிருக்கவில்லை. நாள் முழுவதுக்குமான போன் நேரமும் அங்கே குறைந்திருக்கவில்லை. அதைக் கேட்டபிறகுதான் அவரும் தன் போனை ராத்திரி ஒன்பது மணிக்குச் சமையலறை அலமாரியில் வைக்கச் சம்மதித்தார். பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இப்போது மூன்று போன்கள் தூங்குகின்றன. ஆபீஸ் கால் வந்தால் அங்கேயே நின்று பேசிவிட்டு வைத்துவிட்டு வருகிறார்.

ஒரு வீடு மட்டும் முடிவெடுக்க முடியாது

அந்த ஆறாவது காரணத்துக்கு நான்கு வழிகளில் எதிலுமே பதில் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. செக்‌ஷனில் எட்டு பேருக்கு மட்டும் இல்லை என்பதுதான் அவள் துக்கம். எட்டு இருபது ஆனால் அந்தத் துக்கம் பாதி கரைந்துவிடும்.

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். 2022 முதல் அங்கே மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். ஊர் முழுக்க டிவியும் போனும் அணையும், எட்டரை மணிக்கு மறு சைரன் வரும்வரை. அயர்லாந்தில் கிரேஸ்டோன்ஸ் என்ற ஊரில் 2023-ல் எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர், உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை ஸ்மார்ட்போன் இல்லை என்று தாங்களாகவே சேர்ந்து ஒப்புக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் சட்டம் இல்லை, அபராதம் இல்லை. "என்னை மட்டும்" என்று பிள்ளை சொல்ல முடியாதபடி செய்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஊரைக் கூட்ட முடியாது. வேன் ஸ்டாப்பில் நிற்கும் ஐந்து அம்மாக்களிடம் பேசினேன். மூன்று பேர் உடனே சரி என்றார்கள், அவர்களுக்கும் யாராவது முதலில் வாயைத் திறந்தால் போதும் என்று இருந்திருக்கிறது. ஒருவர் மகள் ஏற்கெனவே இன்ஸ்டாவில் இருக்கிறாள், அவர் அதை டீன் அக்கவுண்ட்டாக மாற்றிக்கொடுத்தார். ஒருவர் மறுத்துவிட்டார். கணவர் வெளிநாட்டில், பிள்ளை அப்பாவிடம் பேச அந்தப் போன்தான் வழி. அவர் சொன்னது முழுக்க நியாயம்.

போன் பற்றிய முடிவாக மட்டும் நினைக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, உயிராக இருந்த விளையாட்டையோ பாட்டையோ விட்டுவிட்டது, கைகளை மறைக்கிறது, "நான் இல்லாட்டி நல்லது" என்ற மாதிரிப் பேசுகிறது என்றால், போனைப் பிடுங்குவதால் தீராது. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழில் பேசலாம், குழந்தைகளே பேச 1098 இருக்கிறது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையில் அளவு மீறிய போன் பயன்பாட்டுக்கென்றே 2014 முதல் ஒரு தனி கிளினிக் நடக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பல்வலிக்குப் போகிற மாதிரிதான்.

எங்கள் ஏற்பாடு தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. முதல் ஒன்பது நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அரையாண்டு லீவில் திரும்ப உட்கார்ந்து பேசுவதாகக் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறோம், அதற்குள் எதை மாற்ற வேண்டும் என்று அவள் ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் தலை பின்னிவிடும்போது, "லஞ்ச்ல இப்ப எப்படிடா?" என்று கேட்டேன். "புரியாததை என்னன்னு கேட்டுட்டேன்மா" என்றாள். "போன் ஸ்கூல்ல இல்லல்ல, அதனால அந்த ரீலை எழுந்து நின்னு நடிச்சே காட்டினாளுங்க. மிஸ் வந்து உட்காரச் சொல்ற வரைக்கும்."